சலைன் என்று எழுதிய பாட்டில்

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் மூக்கைப் பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். காதும் தொண்டையும் உண்டுதான், ஆனாலும் மூக்குதான் அதிகம். நான் முன்பு வேலை பார்த்த ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன வாரம் ஒரு இளம் நர்ஸ் வாட்ஸப்பில் படம் ஒன்று அனுப்பினாள். மேஜையில் வரிசையாகச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்கள். பாதிக்குச் சிவப்பு மூடி, பாதிக்கு நீல மூடி. கீழே, "சிஸ்டர், இனிமே ஃபார்மலினுக்குச் சிவப்பு, சலைனுக்கு நீலம்னு கம்பெனியிலேருந்தே வருது. இது உங்களாலதான் ஆரம்பிச்சதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நெசமா?" என்று கேட்டு, சிரிக்கும் பொம்மைகள் நான்கைப் போட்டிருந்தாள்.

நெசம்தான். எங்கள் தியேட்டரில் முதன்முதலில் மூடிகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசி வைத்தவள் நான்தான். ஆனால் அவள் நினைப்பதுபோல நான் ஏதோ யோசனை சொல்லிப் பாராட்டு வாங்கிய கதை இல்லை. நான் ஒரு தப்புச் செய்தேன். கோடியக்கரைப் பக்கத்துக் கடல்காரர் ஒருவருடைய மூச்சு அந்தத் தப்பில் மாட்டிக்கொண்டது. அதை நினைத்தால் இப்போதும் சமையலறை டப்பாவைக்கூட இரண்டு தடவை திறந்து பார்க்கிறேன். அதே கதையின் கடைசி நாளை நினைத்தாலோ, எழுந்து நின்று யாரையாவது பிடித்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. அத்தனையையும் ஃபோனில் தட்ட என் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். பெயர் மங்கையர்க்கரசி, ஆஸ்பத்திரியில் மங்கை சிஸ்டர். நர்சிங் படித்த வருஷங்களில் கற்றது பாதி, திட்டு வாங்கியது பாதி. படித்து முடித்ததும் தஞ்சாவூர்ப் புறநகரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு யாரும் போக விரும்பவில்லை, புதிதாக வந்தவள் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். முதல் வாரமே திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மூக்கில் ரத்தத்தோடு வந்தார். வாய்க்காலில் குளித்தபோது உள்ளே ஏறிய அட்டை. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுக்க, அது நீண்டு நீண்டு வந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்ற நான் அப்படியே சாய்ந்துவிட்டேன். அந்த விவசாயிதான், மூக்கில் பஞ்சோடு எழுந்து வந்து, என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அதற்கப்புறம் புளியங்கொட்டை, பட்டாணி, சட்டைப் பொத்தான், ஒரு தடவை அழிரப்பர் என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். எதற்கும் சாயவில்லை.

டாக்டர் ஜமீலா எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது எனக்கு இருபது வருஷ சர்வீஸ் ஆகியிருந்தது. கடலோர ஊரில் துணி வியாபாரக் குடும்பம், அண்ணன் தம்பி எல்லாரும் துபாயில். இவர் ஒருவர்தான் படித்து இங்கேயே நின்றவர். ஆள் சின்ன உருவம், குரல் அதைவிடச் சின்னது. ஓ.பி. நாளில் சந்தைக்கடை இரைச்சலுக்கு நடுவே அவர் பேசுவதைக் கேட்க நாங்கள் எல்லோரும் குனிந்தே இருப்போம். புதிதாகப் பார்ப்பவர்கள் பயபக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் மேடம் உடனே தொட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அவர்கள் மூச்சு விடுவதைக் கேட்பார். அப்புறம் ஸ்பிரிட் விளக்கில், நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைக் காட்டிச் சூடேற்றுவார், நோயாளியின் மூச்சுப் பட்டு மங்கிவிடக் கூடாது என்பதற்காக. தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்ப்பார். துணியால் நாக்கைப் பிடித்து மெதுவாக இழுத்து, கண்ணாடியைத் தொண்டைக்குள் சரித்து, "ஈ...ன்னு சொல்லுங்க" என்பார். கேமரா வைத்த குழாய் எங்களிடம் வந்த பிறகும் முதலில் கண்ணாடிதான், அப்புறம்தான் கேமரா.

இன்னொரு பழக்கமும் உண்டு. "கருவி எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்று சொன்னால், "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும், எல்லோரிடமும் கேட்பார். முதல் ஆறு மாதம் எனக்கு எரிச்சலாக வந்தது. இருபது வருஷமாக இதையே செய்கிறவளை இந்தம்மா சந்தேகப்படுகிறாரே என்று. ஒருநாள் அவர் ஆபரேஷனுக்குக் கை கழுவும்போது அதே கேள்வியைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டதைக் கேட்டேன். அதன் பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் கேள்வியும் பழகிப்போய்விட்டது. ஆபத்து அங்கேதான் இருந்தது.

கலியபெருமாள் வந்தது சம்பா நடவு மும்முரமாக நடந்த சமயம். அவர் உள்ளே வருவதற்கு முன்னால் அவருடைய மூச்சுச் சத்தம் வந்தது. தண்ணீர் வற்றிய கைப்பம்பை யாரோ அடிப்பதுபோல, ஒவ்வொரு தடவை காற்றை இழுக்கும்போதும் ஒரு கரகரத்த இழுப்பு. நாற்பது வயதுக்கு மேல், தோளும் மார்பும் கடல்காரருக்கே உரிய அகலம். மூக்கு மட்டும் வேறு யாருடையதோபோல் இருந்தது. நுனியும் ஓரமும் வீங்கி, பளபளவென்று, நாவல்பழ நிறம். கூடவே அவர் மனைவி பூமயில், கட்டைப்பை நிறையப் பழைய சீட்டுகளோடு. மீன் விற்கிறவள், குரல் தெருமுனை வரை கேட்கும். கணவருக்குப் பேச மூச்சுப் போதாததால் இருவருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

"எட்டு மாசமா டி.பி. மாத்திர போடுறாருங்க டாக்டரம்மா. ஒரு நாளு தப்பல, நானே உரிச்சுக் கையில குடுக்குறேன். மொதல்ல மூக்குதான் அடைச்சிச்சு. பொருக்கு பொருக்கா வரும், ரத்தமும் வரும். இப்ப தொண்டையும் அடைக்குது. படுத்தா மூச்சு வரலங்க. ரெண்டு மாசமா ஒக்காந்துகிட்டேதான் தூங்குறாரு."

மேடம் கண்ணை மூடி, வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் காய்ச்சி உள்ளே பார்த்தார். "மங்கை, இங்க வாங்க. பாருங்க" என்றார். நமக்குத் தொண்டையில், குரல்வளைக்கு மேலே, இலைபோல மெல்லிய ஒரு மூடி உண்டு. விழுங்கும்போது கவிழ்ந்து காற்றுப்பாதையைக் காப்பது அதுதான். கலியபெருமாளுக்கு அது வெளிறிப்போய், தடித்து, ஆவியில் வெந்த கொழுக்கட்டைபோல உட்கார்ந்திருந்தது. காற்றுப் போக ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளிதான் மிச்சம்.

"தொண்ட வலிக்குதா?" என்று கேட்டார் மேடம்.

"வலியே... இல்லீங்க."

"முழுங்கறப்ப?"

"இல்லீங்க."

மேடம் கண்ணாடியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். "தொண்டையில டி.பி.ன்னா புண்ணு இருக்கும். உயிர் போற மாதிரி வலிக்கும். இது என்ன, இவ்வளவு வீங்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கு?" என்றார். மார்பு ஸ்கேன் எடுத்தோம். நெஞ்சுக்கு நடுவே, இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது, ஒரே அளவாக.

அவர் சந்தேகப்பட்ட வியாதியின் பெயரை அன்றுதான் முதல்முறையாக ஒரு நோயாளியை முன்னால் வைத்துக் கேட்டேன். சார்காய்டோசிஸ். உடம்பின் காவல்படை, எந்தக் கிருமியும் இல்லாதபோதே கூட்டம் கூடிச் சின்னச் சின்னக் கட்டிகளாக உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் நுரையீரலில் வரும். மூக்கிலும் தொண்டையிலும் வருவது அபூர்வம். நுண்ணோக்கியில் பார்த்தால் டி.பி.யும் இதுவும் அண்ணன் தம்பிபோல இருக்கும். எங்கள் பக்கம் டி.பி. சாதாரணம் என்பதால், அப்படி ஒரு கட்டியைப் பார்த்தால் யாரும் வேறு எதையும் நினைக்க மாட்டார்கள். இவருக்கு முன்பு வேறிடத்தில் நடந்ததும் அதுதான், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால் மருந்து நேர் எதிர். சார்காய்டோசிஸ் என்றால் ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வற்றும். டி.பி. என்றால் அதே ஸ்டீராய்டு கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல ஆகும். அதனால் கிருமி இல்லை என்று தெரியாமல் மேடம் ஸ்டீராய்டைத் தொட மாட்டார். மூக்கிலிருந்து இரண்டு துண்டு சதை எடுக்க வேண்டும். ஒன்றை ஃபார்மலினில் போட வேண்டும், அது சதையைக் கெடாமல் வைக்கும், நுண்ணோக்கிக்கு அனுப்பலாம். இன்னொன்றைச் சலைனில், அதாவது உப்புத் தண்ணீரில் போட வேண்டும், கிருமி இருக்கிறதா என்று சோதிப்பதற்கு. ஃபார்மலினில் போட்ட துண்டு கிருமிச் சோதனைக்கு உதவாது. இருந்த கிருமியும் அதில் செத்துவிடும்.

"இதுக்குள்ள மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா, கழுத்துல ஒரு ஓட்ட போட்டுக் குழாய் வைக்கணும்" என்று மேடம் அவரிடம் விளக்கினார். கலியபெருமாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"வேண்டாங்க... டாக்டரம்மா. கழுத்துல ஓட்டயோட... கடலுக்குப் போவ முடியாது. தவறி விழுந்தா... தண்ணி நேரா நெஞ்சுக்குப் போயிரும்."

"உயிர் முக்கியமில்லையா?"

"கடலுக்குப் போவாம... எனக்கு வேற எதும் தெரியாதுங்க."

பூமயில் கட்டைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேடம், "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். மூச்சு நிக்கற நெலமன்னா போட்டுருவேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்" என்றார். அவர் தலையாட்டினார். கையெழுத்தும் போட்டார். அன்றிலிருந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓட்டை போடும் கருவிகள், துணியில் கட்டித் தயாராக இருந்தன. அவர் அந்த மூட்டையைப் பார்க்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். எங்கள் தியேட்டரில் சதைத் துண்டு போடத் தனிப் பாட்டில் கிடையாது. ஊசிமருந்து காலியான கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்து வைத்திருப்போம். தினமும் காலையில் ஆயா சகாயம் அவற்றில் ஃபார்மலினை ஊற்றி டிரேயில் அடுக்கிவிடுவார். எதில் என்ன என்று பிளாஸ்திரியை ஒட்டி நான் எழுதுவேன். எத்தனையோ வருஷமாக இதே ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் சகாயத்திடம், "வலது ஓரத்துல ஒண்ணுல மட்டும் சலைன் ஊத்தி வைங்க" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் சகாயம் லீவு. பதிலுக்கு வந்த அம்மா, வழக்கப்படி எல்லாவற்றிலும் ஃபார்மலினை ஊற்றி அழகாக அடுக்கிவைத்துவிட்டார். வலது ஓரத்திலும் ஒன்று இருந்தது. ஃபார்மலினும் சலைனும் பார்க்கத் தண்ணீர்தான். நான் பிளாஸ்திரியைக் கிழித்து, ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் "சலைன்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மேடம் இடுக்கியில் இரண்டாவது துண்டைப் பிடித்துக்கொண்டு, "சலைன் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் மேடம்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்திருந்தால் போதும். ஃபார்மலின் நெடி ஊரைக் கூட்டும். ஆனால் வருஷக்கணக்கில் அந்த நெடியிலேயே நின்று நின்று என் மூக்குக்கு அது உறைப்பதில்லை. மூக்குப் பிரிவில் மூக்கு மரத்துப்போன நர்ஸ்!

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் கிருமிச் சோதனை லேபிலிருந்து ஃபோன் வந்தது. "சிஸ்டர், சலைன்னு எழுதி ஃபார்மலின் அனுப்பியிருக்கீங்களே? தொறந்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அங்கிருந்த பையன். டப்பாவை மூடிவிட்டேன். அன்றைக்கு அது அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

மேடம் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பாட்டிலைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "மூக்குல ரத்தம் இன்னும் நிக்கல. உள்ள துணி வச்சிருக்கு. நாலு நாள் கழிச்சுதான் மறுபடி எடுக்க முடியும். நாலு நாள், மங்கை" என்றார். அப்புறம், "அவர்ட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

தியேட்டரிலிருந்து வார்டுக்கு நாற்பது தப்படி இருக்கும். அத்தனை தூரமும் அந்தக் கைப்பம்புச் சத்தம் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பாட்டில் மாறிப்போச்சு, தப்பு என்மேலதான், மறுபடியும் எடுக்கணும் என்று.

பூமயில் எழுந்துவிட்டாள். "ஒரு மனுசன் மூக்க அறுத்து எடுத்தத பாட்டில்ல போடக்கூடவா தெரியல? நாங்க மீனக்கூட எந்தக் கூடையில எது கெடக்குன்னு பாத்துதாங்க போடுவோம்! இவரு ராத்திரி பகலா ஒக்காந்துகெடக்குறாரு, ஒங்களுக்கு..." வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

கலியபெருமாள் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். மூச்சை இரண்டு தடவை சேர்த்து இழுத்துக்கொண்டு கேட்டார். "அந்த மருந்து... வாசன அடிக்காதா... சிஸ்டரு?"

"அடிக்கும் தம்பி. எனக்குத் தெரியல. பழகிப்போச்சு."

"எனக்கும்... ஒரு வருசமா... எந்த வாசனையும் தெரியல. மீனு நாறிப்போச்சான்னு... இவளத்தான் கேக்குறேன்." வீங்கிய மூக்குக்குக் கீழே மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "டாக்டரம்மாகிட்ட சொல்லி... ஒங்க மூக்குலயும்... ஒரு துண்டு எடுக்கச் சொல்லுங்க."

நான் அழுதுவிட்டேன். சிரிப்பும் வந்துவிட்டது. பூமயில் என்னைப் பார்த்து, "நீங்க ஏங்க அழுவுறீங்க? நாங்கல்ல அழுவணும்?" என்று அதட்டிவிட்டு, தன் முந்தானையையே நீட்டினாள்.

அந்த நாலு நாளும் என் வீடு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்தும் வார்டிலேயே கிடந்தேன். மூக்குக்குச் சொட்டு விட்டேன், வெந்நீர் ஆவி காட்டினேன், விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்துப் பார்த்துக் குறித்தேன். மூன்றாம் நாள் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். தோள் எலும்புக்கு மேலே இருக்கும் குழி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. மயக்க டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மேடம், இன்னிக்கே கழுத்துல போட்டுரலாம். எதுக்கு ரிஸ்க்?" என்றார். மேடம் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னும் ஒரு நாள் தாங்கும்" என்றார். சொல்லிவிட்டு வெளியே வராண்டாவில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. அந்த இரண்டாவது துண்டு சரியான பாட்டிலில் விழுந்திருந்தால் அவர் அப்படி நின்றிருக்க வேண்டியதே இல்லை.

நுண்ணோக்கி ரிப்போர்ட் அன்று சாயங்காலம் வந்தது. சின்னக் கட்டிகள் இருக்கின்றன, நடுவில் அழுகல் இல்லை, சாயமிட்டுத் தேடியதில் கிருமி தென்படவில்லை, கிருமிச் சோதனை செய்து உறுதிப்படுத்தவும் என்று எழுதியிருந்தது. பாதிக் கதவு திறந்தாயிற்று. மீதிப் பாதி என் பாட்டிலில்தான் சிக்கியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி எடுத்தோம். உட்காரவைத்தபடியே, மூக்குக்குள் மரப்பு மருந்து வைத்து. இந்தத் தடவை நானே புதுச் சலைன் பாட்டிலை உடைத்து, கொதிக்கவைத்து எடுத்த குப்பியில் மேடம் கண்முன்னால் ஊற்றினேன். மேடம் கேட்பதற்கு முன்பே மூடியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் முகர்ந்தார். மயக்க டாக்டரிடம் நீட்டினேன். அவரும் முகர்ந்தார். நாற்காலியில் இருந்த கலியபெருமாள், பேச முடியாதவர், கையை நீட்டித் தனக்கும் வேண்டும் என்று சைகை காட்டினார்! அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கையை விரித்தார். அந்த நிலைமையிலும் மயக்க டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கிற மெஷின், ஊருக்கு மறுகோடியில் ஒரு லேபில் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். அனுப்ப ஆள் தேடினார்கள். "நான் போறேன்" என்று ஐஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு, தியேட்டர் செருப்போடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். பாதி வழியில் நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. அதைத் தாண்டினால் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவகாசமாகக் காலைத் தூக்கி வைத்தார். நான் இறங்கி, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தவித்தேன். கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாக நெல் மூட்டை போய்க்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியாக இல்லை. கடைசிப் பெட்டி போனதும், கேட் முழுசாக ஏறுவதற்குள் குனிந்து அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே நின்ற வேறொரு ஆட்டோவில் ஏறி, "தம்பி, எவ்வளவு வேணாலும் கேளுங்க, ஆனா இப்பவே போங்க" என்றேன். பழைய ஆட்டோக்காரர் பின்னாலிருந்து கத்தியது காதில் விழுந்தது. திரும்பும்போது அவரைத் தேடிப் பிடித்துச் சமாதானம் செய்தேன்.

மெஷினுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காகிதம் வெளியே வந்தது. கிருமி கண்டறியப்படவில்லை. லேபில் இருந்தவரைக் கட்டிப்பிடிக்காத குறை. ஃபோனில் மேடமிடம் வாசித்தேன்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

"கையில வச்சிருக்கேன் மேடம்! எழுத்து எழுத்தாப் படிக்கிறேன்!"

அந்தப் பக்கம் ஒரு சத்தம். டாக்டர் ஜமீலா, குரலே எழும்பாதவர், மேஜையைத் தட்டி, "சொன்னேன்ல!" என்று கத்தினார். யாரிடம் எப்போது சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நெஞ்சு நோய் டாக்டரும் வந்து எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். எட்டு மாத மாத்திரைக்கு அசையாத வீக்கம், வலி இல்லாத தொண்டை, இரண்டு பக்க நெறி, அழுகல் இல்லாத கட்டி, கிருமி இல்லாத சதை. இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மீதித் துண்டில் கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் பார்க்கும் சோதனை தனியாக நடந்தது. பிற்பாடு அதிலும் ஒன்றும் வளரவில்லை. ஆனால் அதற்கெல்லாம் காத்திருக்க அவரிடம் மூச்சு இல்லை. டி.பி. மாத்திரை நிறுத்தப்பட்டது, அன்று மத்தியானமே ஸ்டீராய்டு ஊசியை நானே போட்டேன்.

"இது வேரோட போயிரும்னு சொல்ல முடியாது" என்று மேடம் இருவரிடமும் சொன்னார். "மாத்திரைய கொறச்சுக் கொறச்சு ரொம்ப நாள் சாப்பிடணும். திரும்பி வந்தாலும் வரும். மாசா மாசம் வந்து காட்டணும்."

பூமயில் கேட்டாள், "கடலுக்கு?"

"கழுத்துல ஓட்ட இல்லாம இத தாண்டிட்டா, போலாம்."

முதல் நாள் மாற்றம் இல்லை. இரண்டாம் நாள் சத்தம் கொஞ்சம் மெலிந்ததுபோல எனக்குத் தோன்றியது. பார்க்கிறேனா, நினைக்கிறேனா என்று தெரியாததால் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அரை இட்லி சாப்பிட்டார். நான்காம் நாள் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசினார், அதுவும் பூமயிலைத் திட்டி.

ஐந்தாம் நாள், மத்தியானம் இரண்டு மணி. தியேட்டரில் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு பூமயில் ஓடி வந்தாள், தலை கலைந்து, கண் பிதுங்க.

"சிஸ்டரம்மா! சத்தம் கேக்கல! கண்ணு அசந்துட்டேன், முழிச்சுப் பாத்தா சத்தமே இல்ல! படுத்துக் கெடக்குறாருங்க! அவரு படுக்கவே மாட்டாரே!"

என் கையிலிருந்த டிரே தரையில் விழுந்தது. ஓடினேன். மேடம் அறையைத் தாண்டும்போது, "கலியபெருமாள்!" என்று ஒரே வார்த்தை கத்தினேன். அவர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு பின்னால் ஓடி வந்தார். அந்த நாற்பது தப்படியும் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன். கைப்பம்பு இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கருவி மூட்டையைத் தூக்கி முடிச்சில் விரலை வைத்துவிட்டேன்.

மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

கலியபெருமாள் மல்லாந்து படுத்திருந்தார். தலையணைகளை எல்லாம் தானே எடுத்துக் கீழே போட்டிருக்கிறார். வாய் மூடியிருந்தது. மார்பு நிதானமாக ஏறியது, இறங்கியது, ஏறியது. மேடம் குனிந்து, அவர் மூக்குக்கு நேராகத் தன் புறங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. "மூக்கால விடுறாரு" என்றார், எங்களுக்குக் கேட்டும் கேட்காத குரலில். அப்புறம் கொஞ்சம் சத்தமாக, "மங்கை, மூக்கால மூச்சு விடுறாரு!" என்றார். தோள்குழியைப் பார்த்தேன். உள்ளே இழுக்கவில்லை. அந்த மனிதர் இரண்டு மாதத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பூமயில் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள், ஆயாக்கள், யாரோ ஒரு பயிற்சி டாக்டர் என்று கட்டிலைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் அழுத அழுகையில் கலியபெருமாள் கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வெறுங்காலோடு நிற்கிற டாக்டரைப் பார்த்தார். என் கையில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் சட்டென்று அவர் கை கழுத்துக்குப் போனது. தொண்டை, பக்கவாட்டு, எலும்புக் குழி என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஓட்ட போட்டுட்டீங்களா?"

"இல்ல தம்பி, போடல! ஒண்ணும் போடல!"

இன்னொரு முறை தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, மூச்சு ஒரு இடத்தில்கூட அறுபடாமல் கேட்டார்.

"அப்பறம் என்னாத்துக்குங்க இவ இப்படி அழுவுறா?"